பெருக்கும் முன்

தரையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள்.
முப்பத்து நான்கு வருட ஆராய்ச்சியை
ஒரே வரியில் கேட்டால் இதுதான்.
அமைச்சகத்திலிருந்து வந்த இளைஞன்
அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
பெரிதாக ஏதாவது சொல்வேனென்று
பேனாவைத் திறந்தபடி காத்திருந்தான்.

பெனி சமவெளியில் மழைக்காலத்தில்
ஆறு தன் எல்லையை மறந்து கிடக்கும்.
மேட்டில் மனிதர், மேட்டில் மாடு,
மேட்டில் சோளக்குதிர்,
மிச்சமிருக்கும் மேட்டில் சுண்டெலி.

முதல் எலியைப் பிடித்தபோது எனக்கு இருபத்தாறு.
இரண்டடுக்குக் கையுறை. முகமூடிக்குள்
என் மூச்சே எனக்குப் பெரிய சத்தம்.
அது கோழிமுட்டையில் பாதி எடை.
அதற்கு ஒரு நோயும் இல்லை.
வாங்கிய கடனைப் பிள்ளைகள் பேரில் எழுதுவதுபோல
வைரஸைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுச்
சோளம் கொறித்துக்கொண்டிருந்தது.
வெறுக்க முயன்றேன். வரவில்லை.

காஸ்தா குவாஹி.
இந்தப் பெயரை எந்தக் கட்டுரையிலும்
நான் எழுதியதில்லை;
அங்கே அவள் நோயாளி எண் மூன்று.
விருந்தாளிகள் வருகிறார்களென்று
குதிரடியைப் பெருக்கினாள்.
கதவிடுக்கு வெயிலில் தூசு பொன்னாய் எழுந்தது.
அவள் பெருக்கினாள்; அவளுக்குள் அது பெருகியது.
ஏழாம் நாள் ஈறில் ரத்தம்.
பத்தாம் நாள் கொசுவலைக்கு வெளியே கை நீட்டி
என் கையுறையைத் தடவிப் பார்த்து,
"இதற்குள் யாராவது இருக்கிறீர்களா?" என்றாள்.

ரெம்பெர்த்தோ நோசா பிழைத்தான்.
முடி கொட்டி, காது மந்தமாகி,
ஆனாலும் பிழைத்தான்.
அவன் ரத்தத்தின் மஞ்சள் நீர்தான்
எங்களிடமிருந்த ஒரே மருந்து.
வருடம் ஒருமுறை படகில் வந்து கையை நீட்டுவான்.
கூலி, ரேடியோவுக்கு நான்கு பேட்டரி.
ஒருமுறை மட்டும் கேட்டான்:
"கறக்கிறீர்கள், சரி டாக்டர்.
புல் யார் போடுவது?"
எட்டு பேட்டரி ஆக்கினேன்.

சாவு விழுந்த வருடம் தலைநகரிலிருந்து பணம் வரும்.
சாவில்லாத வருடம்,
"அதான் சாவில்லையே" என்பார்கள்.
மின்சாரம் போன இரவுகளில்
மீன்காரர்களிடம் ஐஸ் கடன் வாங்கி
உறைபெட்டியைப் போர்த்திக் காவலிருப்பேன்,
போதாதென்று தெரிந்தே.
என் கல்யாணமும் அப்படி ஓர் இரவில்
உருகியிருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

போன மார்ச்சில் ரெம்பெர்த்தோ இறந்தான்.
வைரஸ் இல்லை. குதிரை.
அறுபத்து மூன்று வயதில்
யாருக்கோ வேகம் காட்டியிருக்கிறான்.
உறைபெட்டியில் ஒரு பை மிச்சம்,
ர. நோ. என்று என் கையெழுத்தில்.

என் ஓய்வுக்குப் பதினொரு நாள் முன்பு
புதிய நெல் குடியேற்றத்திலிருந்து
டிராக்டர் பெட்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள்.
சத்துர்னினா. மலையிலிருந்து இறங்கி வந்தவள்,
இந்தச் சமவெளியின் தூசு அறியாதவள்.
காய்ச்சல் எத்தனை நாள் என்றேன்.
கணவன் ஆறு என்றான். மாமியார் ஒன்பது.
எட்டைத் தாண்டினால் கொடுத்தும் பயனில்லை.
கடைசிப் பை வீணானால்
அடுத்து வருபவருக்குக் கொடுக்க
என்னிடம் அனுதாபம் மட்டும்தான்.

கணவன் சொன்ன கணக்கை ஏற்றேன்
என்று அறிக்கையில் எழுதினேன்.
உண்மையில்,
அவள் விரல்கள் என் கையுறையைத் தடவத் தொடங்கியிருந்தன.

பையை வெதுவெதுப்பான நீரில் இட்டேன்.
ரெம்பெர்த்தோ மெல்ல இளகினான்.

இன்று இருபதாம் நாள்.
தலையணையில் அவள் முடி கொத்துக்கொத்தாக.
கஞ்சி கேட்டாள். உப்பு போதாதென்று திட்டினாள்.
நான் ஓய்வு பெற்று ஒன்பது நாள் ஆகிறது,
சாவியை இன்னும் திருப்பித் தரவில்லை.
அவள் முழங்கையின் உள்மடிப்பில்
நல்ல தடித்த நரம்பு,
பார்த்துவைத்திருக்கிறேன்.
இழுப்பறையில் எட்டு பேட்டரி.
இன்னும் கேட்கவில்லை.